இரண்டு தும்மலுக்கு நடுவில்

ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில், மேலொன்றும் கீழொன்றுமாக இறக்கை வைத்த குட்டி விமானத்தை மடிப்புப் பிரித்து, கால்களை நிமிர்த்தி, உடம்போடு பூட்டி, பறக்கத் தயாராகத் தரையில் நிறுத்தியவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன். இதற்கு முன் உலகத்தில் யாரும் செய்ததில்லை. இனிமேல் செய்யப்போவதும் இல்லை. அதற்கு வேண்டிய தும்மல் என் மைத்துனர் ஒருவரிடம்தான் இருக்கிறது.

மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. இன்றைக்கும் காய் வாங்கப் போனால் காயைப் பார்க்க மாட்டார், தட்டின் அடியைத்தான் குனிந்து பார்ப்பார். நான் வாயைத் திறந்தால் போதும், அவருக்குள் இருக்கும் முள் ஆட ஆரம்பித்துவிடும். நேற்று மழை பொத்துக்கொண்டு ஊற்றியது என்று நான் சொன்னால் "தூறல்" என்பார். எங்கள் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்தது என்றால் "நாற்காலி பாதி காலி" என்பார். என்னைப் புளுகன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தங்கை புருஷன் என்ற மரியாதை. "மாப்ளே சொல்றதுல சேதாரம் போக மிச்சம் உண்மைதான்" என்பார்.

என் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டின் கதவிடுக்கில் வாயை வைத்து, "ரெண்டு நிமிஷம், இதோ ஆச்சு" என்று உள்ளே இருப்பவர்களிடம் சொல்வது வேலையில் பாதி. லிஃப்டை நகர்த்துவது மீதிப் பாதி. உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு அந்த நேரத்தில் கடிகாரம் வேண்டாம், மூச்சு வேண்டும். ரெண்டு நிமிஷம் என்று காதில் விழுந்தால் மூச்சு வந்துவிடும். ஒருமுறை தொலைபேசி அலுவலகத்தில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல் ரெண்டு நிமிஷம் என்றேன். மோட்டாரைத் திறந்து மூடி, மறுபடி திறந்து, கடைசியில் கதவை நெம்பியபோது அவள் தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்து டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உங்க கடையில நிமிஷத்துக்கு எத்தனை செகண்டு?" என்று கேட்டாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரெண்டு நிமிஷம் என்பது தனி அளவை. ஆய்வாளர் முத்திரை போடாத அளவை.

ஓய்வு பெற்ற பிறகு நான் செய்ததுதான் அந்த விமானம். பழங்கால மாதிரி, இரண்டு அடுக்கு இறக்கை. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால்கூட முனைக்கு முனை எட்டாது. (எட்டும் என்பார் மைத்துனர். அவர் கை நீளம்.) விமானத்தின் உடம்புக்குள் மோட்டார், என் கையில் ரிமோட். எலும்புக்கூடு நான் செய்தேன், தோல் போர்த்தியது அவள். இறக்கை மேல் மெல்லிய படலத்தை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டினாள். நிறம் அவள் தேர்வு. பளீர் மஞ்சள். "ஏன் மஞ்சள்?" என்றேன். "விழுந்தா தேடிப் பொறுக்கணும்ல" என்றாள். என் திறமை மீது அவ்வளவு நம்பிக்கை.

கடைசி இறக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் கீழே கிடந்த செருப்புக்குள் அவள் கால் நுழையவில்லை. காலுக்கு வழி தெரியவில்லை. பிறகு கைத்தடி வந்தது. பிறகு வாக்கர். பிறகு சக்கர நாற்காலி. நோய்க்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, அது என் வாயில் நுழையாது. டாக்டர் என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தரைத்தளத்தில் கிளம்பியிருக்கிறது, ஒவ்வொரு மாடியாக மேலே வரும். நடுவில் நிறுத்த முடியாதா என்று நான் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க நின்றதை நகர்த்தியவன் நான். ஓடுவதை நிறுத்த எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவள் ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். அந்த மஞ்சள் விமானம் பறப்பதைப் பார்க்க வேண்டும்.

"நான் வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன் பாப்பா," என்றார் மைத்துனர். தலை முழுக்க நரைத்த தங்கையும் அவருக்குப் பாப்பாதான்.

"போன்ல எல்லாமே பறக்கும்ணே. உங்க மாப்ளே பேச்சு மாதிரி. நேர்ல பாக்கணும்."

மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் பின்னால் எங்கள் மைதானம். லாரிகள் நின்ற இடம், இப்போது புல். காலையில் காற்று கிளம்புவதற்கு முன் பறக்க விட வேண்டும், இல்லாவிட்டால் விமானம் வேலி தாண்டிப் போய்விடும். மைத்துனரின் பழைய கார்தான் வாகனம். பின் சீட்டில் அவளைச் சாய்த்துப் படுக்க வைப்போம். டிக்கியில் சக்கர நாற்காலி. அவள் காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர். விமானத்தின் உடம்பு முன் சீட்டில் என் மடியில், வால் ஜன்னலுக்கு வெளியே. இறக்கைகளுக்கு மிச்சமிருந்த இடம் பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள சந்து. அதில் பலகை மாதிரி தட்டையாக இருந்தால்தான் நுழையும்.

வினையே அங்கேதான். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் தூண் மாதிரி நிற்கும் குச்சிகளைப் புத்தகத்தில் ஸ்ட்ரட் என்று போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கால் என்று பெயர். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு கால். ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு திருகாணி, கீழே ஒரு திருகாணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்டு. இறக்கை தட்டையாக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வீட்டில் கழற்ற வேண்டும், மைதானத்தில் மறுபடி பூட்ட வேண்டும். நட்டு எவ்வளவு சின்னது தெரியுமா? ஒன்று எறும்பின் தலையில் விழுந்தது, அது தொப்பி என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

முதல் முறை போனபோது அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம்" என்றேன். அவள் சிரித்தாள். மூன்றாவது காலைப் பூட்டும்போது நட்டு ஒன்று விரலிலிருந்து நழுவிப் புல்லுக்குள் போய்விட்டது. இரண்டு கிழவர்களும் மண்டியிட்டோம். தேடினோம். மைத்துனருக்குப் புல் ஆகாது. மூக்கில் ஏறிவிட்டது.

அவர் தும்மலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எப்போதும் ஜோடி. முதல் தும்மல் வெடிக்கும். மரத்தில் இருக்கும் பறவை எல்லாம் பக்கத்து ஊருக்குக் குடி போய்விடும். பிறகு முகம் வானத்தைப் பார்க்கத் திரும்பும். கண் இறுக்கி மூடியிருக்கும், வாய் பாதி திறந்திருக்கும், ஒரு கை மட்டும் மேலே போய் ஊர் உலகத்தையே கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைக்கும். அடுத்தது வருமா வராதா என்று அவருக்கே தெரியாது. நின்றுகொண்டே இருப்பார். வரும். அந்த நேரத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

அன்று அவர் அப்படி நின்றுகொண்டிருந்தபோது நான் நட்டைத் தேடுவதை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை துண்டைத் தாண்டிச் சாய்ந்துவிட்டிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் சிறிது நேரம்தான் மூச்சு தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளைத் தூக்கிக் காரில் படுக்க வைத்தோம். விமானத்தை அரைகுறையாகப் பிரித்து ஏற்றினோம். வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"நல்ல காத்து."

இறக்கைகளைப் பூட்டியபடியே கொண்டுபோகலாமே என்பீர்கள். போகலாம். அப்போது காரில் அவளுக்கு இடம் இருக்காது. விமானத்தை முன்னாலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அவளைக் கூட்டிப் போகலாமே என்பீர்கள். அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த மைதானத்தில் காவலுக்கு இருப்பது தெருநாய்கள். பெரிய வண்டி வைத்தும் பார்த்தோம். அதன் படி உயரம். அவளைத் தூக்கி ஏற்றும்போது வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு மைத்துனர் அந்த வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆக, கால்களைத்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

காந்தம் வைத்தேன். சின்னச் சின்ன வட்டக் காந்தங்கள், பட்டாணி அளவு, ஆனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டால் யானை கட்டி இழுத்தாலும் வராது. ("நகத்தால நெம்புனா வரும்," மைத்துனர்.) காலின் இரண்டு முனையிலும் ஒன்று, இறக்கையில் ஒன்று. மேசை மேல் வைத்துப் பார்த்தேன். கிட்டே கொண்டுபோனாலே 'டப்' என்று போய் உட்கார்ந்தது. ஆஹா என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுமுறை கிளம்பினோம். தெரு முனைகூடத் திரும்பவில்லை. கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சந்திலிருந்து இறக்கை சரிந்து வந்து, அத்தனை காந்தமும் சேர்ந்து, அவள் காலடியில் இருந்த இரும்பு சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. பிரிக்கவே முடியவில்லை. நானும் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். படலம் கிழிந்து, உள்ளே ஒரு எலும்பு முறிந்து, கடைசியில் வந்தது.

"ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிற வண்டியில காந்தத்தை ஏத்துன ஒரே ஆளு நீங்கதான் மாப்ளே. இதை வேணா வெளியில சொல்லிக்கங்க. நான் சாட்சி," என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. மூச்சுக்காக வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் சிலிண்டரின் திருகைக் கூட்டினேன். மைத்துனர் காரைத் திருப்பினார். கிழிந்த இறக்கையை அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்தேன், அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து.

அந்தப் பருவம் முடிவதற்குள் லிஃப்ட் இடுப்பைத் தாண்டிவிட்டது. கைகள் நின்றுபோயின. நாங்கள் மடியில் எப்படி வைக்கிறோமோ அப்படியே கிடக்கும். ஒரு கை மேல் ஒரு கை வைத்தால் அப்படியே. முகத்தில் ஈ உட்கார்ந்தால் என்னைக் கூப்பிடுவாள். "ஏங்க, விருந்தாளி வந்திருக்கார்" என்பாள். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே, இனிமேல் நிமிர்த்தி உட்கார வைப்பதை முடிந்த அளவு குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு தடவை வெளியே கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். அவர் செருப்பைப் பார்த்தபடி, ஒரு தடவை என்றார்.

படுக்கையறையின் மூலையில் அவளுடைய வாக்கர் நின்றுகொண்டிருந்தது. அலுமினியக் குழாயில் செய்தது, நாலு கால், பாதத்தில் ரப்பர். அதைப் பிடித்து நடந்து வருஷம் தாண்டிவிட்டது. நான் அதில் துண்டு உலர்த்துவேன். ஆனால் மைத்துனர் வரும்போதெல்லாம் துண்டை எடுத்து வேறு இடத்தில் போட்டுவிட்டு, அதைத் துணியால் துடைப்பார். மூட்டுக்கு எண்ணெய் விடுவார். நாலு காலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எதையும் நம்பாத மனிதர், கடவுள் படத்துக்குக்கூட நிறை குறை பார்க்கிறவர், தங்கை எழுந்து நடப்பாள் என்பதை மட்டும் ஒரு கழிவும் போடாமல் நம்பிக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தில் எங்கள் இருவரில் பெரிய புளுகன் அவர்தான். நான் அவரை ஒருநாளும் திருத்தியதில்லை.

படுத்தே கிடப்பவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? ஜன்னல், மின்விசிறி, வாக்கர். ஒரு மத்தியானம் நான் விமானத்தின் கால்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"அந்த வாக்கரை மடிங்க."

மடித்தேன். பக்கங்கள் இரண்டும் உள்ளே மடங்கித் தட்டையாகிவிட்டன.

"விரிங்க."

விரித்தேன். உள்ளே இருக்கும் வில் தள்ளி, குட்டிப் பொத்தான் ஒன்று துளைக்குள் வந்து 'டக்' என்று உட்கார்ந்தது.

"கால் எங்கேயாவது கழண்டுச்சா? நட்டு புல்லுல விழுந்துச்சா?" என்றாள். "நீங்க காலைக் கழட்டறதுலயே குறியா இருக்கீங்க. கழட்டாதீங்க. அது பாட்டுக்கு இறக்கையோடயே மடிஞ்சு படுத்துக்கட்டும். தூக்கினா எந்திரிச்சு நிக்கட்டும்."

இத்தனை வருஷம் மடக்குக் கதவு போட்ட லிஃப்டுகளில் குடும்பம் நடத்தியவன் நான். எனக்குத் தோன்றவில்லை. "நாளைக்கே கடைத்தெருவுக்குப் போய் இந்த மாதிரி பொத்தான் நாலு வாங்கிட்டு வரேன்," என்றேன்.

"எதுக்கு? உயரம் கூட்டிக் குறைக்கற பொத்தான் அதுல இருக்கே, நாலு கால்லயும்."

நான் வாக்கரை மூலையில் திருப்பி வைக்கப் போனேன்.

"இங்கேயே அறுங்க," என்றாள். "நான் பாக்கறேன்."

ரம்பத்தை எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வில்லும் பொத்தானும் வேண்டும், அது போய் உட்காரும் துளையுள்ள குழாயும் வேண்டும். துளையை ஒட்டி அறுத்தேன். இந்தக் கதையில் எத்தனையோ இடத்தில் கூட்டிச் சொல்லியிருக்கிறேன், இந்த இடத்தில் கூட்ட ஒன்றுமில்லை. அலுமினியத் தூள் போர்வை மேல் விழுந்தது. ரம்பம் இழுக்கும் சத்தத்துக்கு அவள் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. முதல் கால் தனியாக வந்ததும் வாக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் சாய்ந்துகொண்டது. "அடுத்தது," என்றாள்.

மறுநாள் காலையில் மைத்துனர் வந்தார். வழக்கம்போல் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கே காலில்லாத பிடி மட்டும் கிடந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், பொய் எடைக்கல்லும் கையுமாகப் பிடிபட்ட கடைக்காரன் மாதிரி ஆகிவிட்டேன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மச்சான், விமானத்துக்கு..."

"நீங்க வாய்க்கு வந்ததை அளந்து விடுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா இதை எப்படி நீங்களா முடிவு பண்ணலாம்? நாளைக்கு அவ எந்திரிச்சா?" பிடியைத் தூக்கிக் காட்டினார். "எதைப் புடிச்சு நடப்பா?"

"நான்தான்ணே அறுக்கச் சொன்னேன்," என்றாள் அவள், கட்டிலிலிருந்து. "எந்திரிச்சா உங்க கையைப் புடிச்சுக்கறேன். கை இருக்குல்ல?"

அவர் பிடியைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். துடைக்கும் துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மேசை மேல் நான் செய்து வைத்திருந்த கால்கள் கிடந்தன. குழாயைப் பிளந்து தட்டித் தகடாக்கி, அந்தத் துளையோடு மடக்குக் கீல் செய்து, வில்லைச் சின்னதாக்கிப் பொருத்தியிருந்தேன். ஒன்றைக் கையில் எடுத்தார். பொத்தானை அமுக்கினார், விட்டார். எங்களைப் பார்க்காமல், பையிலிருந்து தன் பழைய இரும்பு அளவுகோலை எடுத்தார்.

"இடது முன்கால் ஒரு நூல் கூட இருக்கு," என்றார். "இப்படியே பறக்க விட்டா ஒரு பக்கமா சாயும். அரத்தைக் குடுங்க."

நாலு கால்களையும் அவர்தான் சரி செய்தார். கிழிந்த இறக்கைக்கு நான் படலம் ஒட்டினேன். எங்கே சூடு கூட்ட வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று கட்டிலிலிருந்து அவள் சொன்னாள். இருந்தும் ஒரு சுருக்கம் விழுந்தது. "அது உங்க கையெழுத்து. இருக்கட்டும்," என்றாள்.

கடைசியாக ஒரு தடவை போனோம். இறக்கைகள், பக்கத்துக்கு ஒரு ஜோடி, மூடிய புத்தகம் மாதிரி சந்தில் நின்றன. ஒரு நட்டு இல்லை, ஒரு திருகாணி இல்லை. மைதானத்தில் அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். ஒரு கை மேல் ஒரு கையாக மடியில் வைத்தேன். துண்டுக்குப் பதிலாக மைத்துனர் தன் உள்ளங்கையையே அவள் தலைக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டு நின்றார். அவள் மூச்சுவிடும் சத்தம் விமானத்தருகே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. புல் நனைந்து கிடந்தது. நான் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

மைத்துனர் தும்மினார்.

முதல் தும்மல். அவர் முகம் வானத்தைப் பார்த்துத் திரும்பியது, கண் மூடியது, காலியாக இருந்த கை மேலே போனது. தங்கையின் தலையைத் தாங்கிய கை அசையவில்லை. நான் இடது ஜோடியை எடுத்தேன். மேல் இறக்கையைத் தூக்கினேன். மடிந்து கிடந்த கால் இரண்டும் எழுந்து நின்றன. டக், டக். இறக்கையின் முனைக் குழாயை விமானத்தின் உடம்புக்குள் தள்ளினேன். வலது ஜோடி. தூக்கினேன். டக், டக். தள்ளினேன். மோட்டார் கம்பியெல்லாம் வீட்டிலேயே இணைத்தது. விமானத்தைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மஞ்சள், நாலு காலில் நிமிர்ந்து.

இரண்டாவது தும்மல்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகலையே," என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "கல்யாணமான நாள்லேருந்து... முதல் தடவை."

ரிமோட்டைக் கையில் எடுத்தேன். விமானம் ஓடியது, புல்லின் தலையைத் தொட்டது, எழுந்தது. அவள் இஸ்திரி போட்ட இறக்கையில் வெயில் விழுந்தது. தொழிற்சாலைக் கூரைக்கு மேல் ஒரு வட்டம், எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம். விமானம் ஓட்டுகிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. அது வானத்தில் இருக்கும் வரை கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் அது உங்களுடையதில்லை. நான் எடுக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அவள் என்ன செய்தாள், எப்படிப் பார்த்தாள், அழுதாளா, சிரித்தாளா, எனக்குத் தெரியாது. அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டே வட்டம் அடித்தேன். மூச்சு மாறியதும் இறக்கினேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் மூடியிருந்தாள். களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தது ஒரே ஒருவர்தான். அவர் காரில் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன் லிஃப்ட் மேல்தளத்துக்கு வந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் கிடைத்த நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மடித்து மாட்டியிருந்த மஞ்சள் இறக்கைகளைப் பார்த்து, எதிர்வீட்டுப் பல் டாக்டர், பேச வேறொன்றும் கிடைக்காமல், இது என்ன என்று கேட்டார். விடுவேனா? ஆரம்பித்தேன். முதல் தும்மல், இரண்டாவது தும்மல், நடுவில் நான். மைதானத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். விமானத்தை மேகத்துக்குள் விட்டேன். யாரும் நம்பவில்லை, ஆனாலும் சிலர் முகம் கொஞ்சம் இளகியது. அப்படியே வேகத்தில், யோசிக்காமல், "அது எழுந்ததைப் பாத்துட்டு அவ கை தட்டினா பாருங்க!" என்று சொல்லிவிட்டேன்.

மடியில் வைத்த இடத்தில் அப்படியே கிடந்த அந்தக் கைகளை அங்கிருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் மெல்ல மைத்துனர் பக்கம் திரும்பினார்கள். கழிவு போடுவது அவர் வேலை.

அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மடித்த துடைக்கும் துணியைக் கையில் வைத்திருந்தார்.

"மொதத் தும்மலப்போ அது மடிஞ்சுதான் கெடந்துச்சு," என்றார். "ரெண்டாவது தும்மி முடிச்சுக் கண்ணைத் தொறந்தேன். நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"சரிங்க. ஆனா கை..." என்றார் பல் டாக்டர், மெதுவாக.

மைத்துனர் துணியை மடியில் வைத்தார். ஒரு கை மேல் ஒரு கையை வைத்தார். மேலே இருந்த கையைக் கொஞ்சம், ஒரு நூல் அளவு, தூக்கினார். கீழே விட்டார். சத்தம் வரவில்லை. மறுபடி தூக்கினார். விட்டார்.

"தட்டினா," என்றார். "நான் பாத்தேன்."